ஃபைல் கெட்டுப்போகல, திறக்குற ஆள் மாறிப்போச்சு



சம்பா அறுத்து வைக்கோல் போர் போட்டாச்சு. அறுப்புக்கு முன்னாடி தெளித்த உளுந்து முளைத்து நாலு இலை விட்டிருக்கிறது. கொஞ்சம் பொழுது கைக்கு வந்திருப்பதால் ரொம்ப நாளாய் எழுத நினைத்த ஒன்றை இன்றைக்கு எழுதுகிறேன். வயல் விஷயம் இல்லை, கம்ப்யூட்டர் விஷயம். பத்தாவதோடு நின்றவன் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்காதீங்க. படித்தவர்கள் எழுதினால் படித்தவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுவார்கள். நான் பட்டதை எழுதினால் என்னை மாதிரி ஆளுக்குப் புரியும்.

போன மார்கழியில் அப்பாவுக்குத் தெவசம். அக்கா முதல் நாளே வந்துவிட்டது. சாப்பிட்டு முடித்து எல்லாரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அக்கா கேட்டது: "தம்பி, அப்பா பேசினது ஒண்ணு உங்கிட்ட இருக்குன்னியே, அதப் போடேன், கேப்போம்."

இருக்கிறது. 2012-ல் என் மகள் என்னுடைய பட்டன் போனில் பதிந்தது. பள்ளிக்கூடத்தில் புயலைப் பற்றி எழுதிவரச் சொன்னார்கள் என்று தாத்தாவிடம் போய் உட்கார்ந்தாள். அப்பா 1977 நவம்பர் 12-ஆம் தேதி நாகப்பட்டினம் பக்கம் கரை ஏறிய புயலைப் பற்றிச் சொன்னார். அப்போது எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதினொன்று. அப்பா 2015-ல் போய்விட்டார். அவர் குரல் என்று எங்களிடம் இருப்பது அந்த ஒன்றுதான். கல்யாண வீடியோக்களில் தலை தெரியும், குரல் கேட்காது. அக்கா அந்தப் பதிவை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

மகள் அதை மெமரி கார்டிலிருந்து தன்னுடைய லேப்டாப்பில் ஏற்றி 'தாத்தா' என்று ஒரு ஃபோல்டர் போட்டு வைத்திருந்தாள். பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த விலையில்லா மடிக்கணினி. அவள் இப்போது கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள், லேப்டாப் எங்களிடம் தங்கிவிட்டது. பேட்டரி செத்து வருஷக்கணக்காச்சு, ஒயரைச் சொருகினால்தான் ஓடும். உள்ளே விண்டோஸ் 7. அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2020 ஜனவரி 14-ஓடு நின்றுவிட்டதால் பேங்க் வேலை எதுவும் அதில் செய்வதில்லை. உங்களுக்காக எழுதுவது, போட்டோ பார்ப்பது, சிட்டா அடங்கல் ஸ்கேன் பண்ணி வைப்பது, இவ்வளவுதான்.

2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா வந்து எங்கள் வீட்டு ஓட்டைப் பாதி அள்ளிக்கொண்டு போனது. அன்றைக்கு ராத்திரி இந்த லேப்டாப்பை யூரியா சாக்கின் உள் பையில் சுற்றிப் பத்தாயத்துக்குள் நெல்லோடு வைத்தேன். தென்னை போனது, மாட்டுக் கொட்டகை போனது, இது பிழைத்தது.

அந்த லேப்டாப்பைத்தான் அக்கா முன்னால் திறந்தேன். 'தாத்தா புயல்' என்ற ஃபைலை டபுள் கிளிக் பண்ணினேன். இதைத் திறக்கத் தெரியவில்லை, எந்த புரோகிராமில் திறக்கலாம் என்று சொல் என்றது. ஒரு பட்டியல் வந்தது. இதற்கு முன்னால் எப்போதும் மகள்தான் திறந்து போடுவாள், எனக்குப் பழக்கமில்லை. பெயர் தெரிந்ததாய் இருக்கிறதே என்று நோட்பேடை அழுத்தினேன். கீழே ஒரு சின்னக் கட்டத்தில் டிக் இருந்தது. "இந்த வகை ஃபைலை எப்போதும் இதிலேயே திற" என்று அதற்கு அர்த்தம். அதை நான் கவனிக்கவில்லை.

திரை முழுக்கக் கட்டம் கட்டமாய், புழு நெளிகிற மாதிரி எழுத்துகள். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா, அப்பா பேசுவாருன்னு பாத்தா கட்டமா வருது" என்றது.

மூடப் போனால், "சேவ் பண்ணவா வேண்டாமா" என்று கேட்டது. நடுவில் கை ஏதோ பட்டனில் பட்டிருக்கிறது. ஏதோ ஒன்றை அழுத்தினேன், மூடிவிட்டது. மறுபடி டபுள் கிளிக் பண்ணினால் கேள்வியே கேட்காமல் நேராய்க் கட்டம் கட்டமாய் வந்து நின்றது.

அதோடு விட்டிருக்கலாம். அக்கா முன்னால் மானம் போகிறதே என்று கன்ட்ரோல் பேனல், டீஃபால்ட் புரோகிராம்ஸ் என்று உள்ளே நுழைந்து ஒரு பெரிய பட்டியலில் இதையும் அதையும் மாற்றினேன். வெளியே வந்து பார்த்தால் திரையில் இருந்த எல்லா ஐகானும் ஒரே முகமாய் ஆகியிருந்தது. பாட்டுப் போடுகிறது, இன்டர்நெட், தமிழ் டைப் பண்ணுகிறது எல்லாமே நோட்பேட் முகம். எதைத் தட்டினாலும் நோட்பேட் திறந்து கட்டம் காட்டியது.

அக்கா சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டது. "பரவால்லடா, இன்னொரு நாளைக்குக் கேட்டுக்கறேன்" என்றது. அப்பாவுடைய அடுத்த தெவசத்துக்கு ஒரு வருஷம் இருக்கிறது. அக்காவுக்கு இப்போதே ஒரு காது சரியாய்க் கேட்பதில்லை.

மறுநாள் காலையில் லேப்டாப்பை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு டவுனில் ஒரு கடைக்குப் போனேன். கடைத் தம்பி ரெண்டு ஐகானைத் தட்டிப் பார்த்தார். "சிஸ்டம் பூரா வைரஸ்ங்கய்யா. ஃபார்மேட் அடிச்சு புதுசா போட்டுத் தர்றேன். ஐநூறு ரூபா ஆவும்" என்றார். உள்ளே இருக்கிற ஃபைலெல்லாம் என்ன ஆகும் என்று கேட்டேன். "அதெல்லாம் கரப்ட் ஆயிருக்கும்யா. இந்தா பாருங்க, இந்த ஆடியோ முந்நூறு கேபிகூட இல்ல. இதுல ஒண்ணுமே இருக்காது" என்றார்.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் முன்னால் பத்து மெஷின் வரிசையாய் இருந்தது. ஒவ்வொன்றையும் உட்கார்ந்து நோண்டிக்கொண்டிருந்தால் அவருக்கு வாடகை கட்டுமா? ஃபார்மேட் என்றால் எல்லாருக்கும் ஒரே வேலை. நானும் சரி என்றுதான் சொல்ல வாய் எடுத்தேன். முந்நூறு கேபிகூட இல்லை என்ற ஒரு வார்த்தைதான் உறுத்தியது. வெளியே டீக்கடையில் நின்று மகளுக்குப் போன் போட்டேன்.

அவள் சொன்ன முதல் வார்த்தை: "அப்பா, ஃபார்மேட் மட்டும் பண்ணிடாதீங்க. வாங்கிட்டு வீட்டுக்குப் போயிடுங்க. நான் ராத்திரி கூப்பிடறேன்."

ராத்திரி எட்டரைக்குக் கூப்பிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டு லேப்டாப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ரெண்டு மணி நேரம் ஆனது. அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்.

ஒவ்வொரு ஃபைலுக்கும் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி, மூணு நாலு எழுத்து இருக்கும். எக்ஸ்டென்ஷன் என்பார்கள். நான் வால் என்று வைத்துக்கொண்டேன். போட்டோவுக்கு .ஜேபிஜி, சிட்டாவுக்கு .பிடிஎஃப், பாட்டுக்கு .எம்பி3. அப்பா குரலுக்கு .ஏஎம்ஆர். அந்தக் காலத்துப் பட்டன் போன்கள் நிறைய இந்த வகையில்தான் குரலைப் பதியும். பேச்சுக்காகவே செய்த வகை என்பதால் ரொம்பச் சின்னதாய் இருக்கும். ஒரு செகண்டுக்கு ஒன்றரை கேபி சொச்சம் போதும். அப்பா மூணு நிமிஷம் பேசியிருக்கிறார் என்றால் முந்நூறு கேபிக்குள் இருப்பதுதான் சரி. கடைத் தம்பி சந்தேகப்பட்ட விஷயமே ஃபைல் நன்றாய் இருப்பதற்குச் சாட்சி. சைஸ் பூஜ்யம் என்று காட்டினால்தான் பயப்பட வேண்டும்.

விண்டோஸ் உள்ளே ஒரு நோட்டு வைத்திருக்கிறது. எந்த வால் வந்தால் எந்த புரோகிராமிடம் அனுப்புவது என்று அதில் எழுதியிருக்கும். நம்ம ஊரில் நெல் என்றால் அரிசி மில், உளுந்து என்றால் பருப்பு மில், எள் என்றால் செக்கு. அந்த நோட்டில் எள்ளை அரிசி மில்லுக்கு அனுப்பு என்று நான் கை தவறி எழுதிவிட்டேன். எள் மூட்டை அரிசி மில் வாசலில் போய் நிற்கிறது. எண்ணெய் எப்படி வரும்? ஆனால் எள் கெட்டுப்போகவில்லை. நோட்டைத் திருத்தினால் மூட்டை செக்குக்குப் போய்விடும்.

இங்கே மகள் ஒரு கேள்வி கேட்டாள். "நோட்பேட்ல தெறந்தப்ப சேவ் பண்ணீங்களாப்பா?"

எனக்கு வயிறு கலங்கியது. சேவ் பண்ணவா என்று கேட்டதும் நான் ஏதோ ஒன்றை அழுத்தியதும் ஞாபகம் வந்தது. எதை அழுத்தினேன் என்று ஞாபகம் இல்லை. "ஏம்மா, சேவ் பண்ணினா என்ன?" என்று கேட்டேன். நோட்பேட் எழுத்துக்காகச் செய்தது, குரலையோ படத்தையோ அதில் திறந்து சேவ் பண்ணினால் உள்ளே இருப்பது உண்மையிலேயே சிதைந்துபோகும் என்றாள். எள் மூட்டை மில் வாசலில் நிற்கிற வரைக்கும் ஒன்றும் இல்லை. அவிழ்த்து மெஷினில் கொட்டிவிட்டால் முடிந்தது.

"இப்ப எப்பிடித் தெரிஞ்சுக்கறது?"

"தேதியப் பாருங்கப்பா."

ஐகான் எல்லாம் செத்துக்கிடக்கிறதே, எப்படி உள்ளே போவது என்றேன். விண்டோஸ் கொடி போட்ட பட்டனைப் பிடித்துக்கொண்டு ஈ எழுத்தை அழுத்தச் சொன்னாள். ஃபோல்டர்கள் திறந்தன. 'தாத்தா' ஃபோல்டருக்குள் போய் ஃபைல் மேல் ரைட் கிளிக், கடைசியில் பிராப்பர்ட்டீஸ். அதில் மாடிஃபைடு என்று ஒரு தேதி இருக்கும். ஃபைலை யாராவது திருத்திச் சேமித்தால் அது மாறிவிடும். திறந்து பார்த்துவிட்டு மூடினால் மாறாது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். 2012 என்று இருந்தது. சைஸ் 278 கேபி.

"ரெண்டாயிரத்துப் பன்னெண்டும்மா" என்றேன். அந்தப் பக்கம் அவளும் மூச்சு விட்டது கேட்டது.

உடனே அந்த ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் காப்பி பண்ணச் சொன்னாள். எதைத் தொடுவதற்கு முன்னாலும் ஒரு காப்பி. விதை நெல்லை ஒரே கோட்டையில் வைக்காதே என்று அப்பா சொல்வார், அதே கதைதான்.

அடுத்து, நோட்பேடிலேயே அந்த ஃபைலை மறுபடி திறந்து ஆரம்பத்தை மட்டும் பார்க்கச் சொன்னாள், எந்தப் பட்டனையும் தொடாமல். கட்டங்களுக்கு நடுவே முதல் வரியில் ஆங்கிலத்தில் ஏஎம்ஆர் என்று மூணு எழுத்து தெளிவாய் இருந்தது. இது எனக்குப் பெரிய ஆச்சரியம். தப்பான புரோகிராமில் திறந்தாலும் ஃபைல் தன் ஜாதியை முதல் வரியில் சொல்லிவிடுகிறது. பிடிஎஃப்பைத் திறந்தால் சதவீதக் குறி போட்டுப் பிடிஎஃப் என்று இருக்கும். புது வேர்டு ஃபைலிலும் ஜிப் ஃபைலிலும் முதலில் பிகே என்று ரெண்டு எழுத்து. அதைப் பார்த்ததும் அப்பா உள்ளே இருக்கிறார் என்று எனக்குத் தைரியம் வந்தது.

நடுவில் நான் ஒரு யோசனை சொன்னேன். "வால மாத்திட்டா என்னம்மா? ஏஎம்ஆர அழிச்சுட்டு எம்பி3ன்னு போட்டுடறேன்." வேண்டவே வேண்டாம் என்றாள். யோசித்துப் பார்த்தால் சரிதான். விதை மூட்டையில் நீல அட்டை கட்டியிருக்கும். சிஆர் 1009 மூட்டையின் அட்டையை அறுத்துவிட்டு ஏடிடி 45 அட்டையைக் கட்டினால் உள்ளே இருக்கிற விதை மாறிவிடுமா? நூற்றிப்பத்து நாளில் அறுக்கலாம் என்று நீங்கள் அரிவாளோடு நிற்பீர்கள், அது நூற்றைம்பது நாளுக்கு மேல் வயலில் நிற்கும். வாலை மாற்றுவது அட்டையை மாற்றுவது. நாம் செய்ய வேண்டியது நோட்டைத் திருத்துவது.

சரி, எல்லா ஐகானும் ஏன் நோட்பேட் ஆனது? திரையில் இருக்கிற ஐகான் புரோகிராம் இல்லையாம். புரோகிராம் இருக்கிற இடத்துக்கு வழி காட்டுகிற பலகையாம். அந்தப் பலகைக்கும் ஒரு வால் உண்டு: .எல்என்கே. வாலையெல்லாம் காட்டு என்று சொன்னாலும் இது மட்டும் காட்டாது, அதனால் அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாது. நான் பட்டியலில் நோண்டியபோது இந்த வாலையும் நோட்பேடுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். புரோகிராமெல்லாம் அதது இடத்தில் சௌக்கியமாய் இருக்கிறது, ஊரில் உள்ள வழிகாட்டிப் பலகை எல்லாம் ஒரே வீட்டைக் காட்டுகிறது. வைரஸ் இல்லை, ஒன்றும் இல்லை, என் கைதான்.

இதைத் திருத்த விண்டோஸ் 7-ல் செய்தது இது. உங்களில் யாராவது இதே குழியில் விழுந்திருந்தால் உதவும் என்று முழுசாய் எழுதுகிறேன்.

கொடிப் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்தினால் ரன் என்று ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் ஆங்கிலத்தில் ரெஜ்எடிட் என்று டைப் பண்ணி என்டர். பலகை வழியாய்ப் போகாமல் நேராய்ப் போவதால் இது வேலை செய்யும். அனுமதி கேட்கும், எஸ் சொல்ல வேண்டும். இடது பக்கம் மரம் மாதிரி கிளை கிளையாய் வரும். விண்டோஸின் நோட்டு இதுதான். இந்த வரிசையில் விரித்துக்கொண்டே போக வேண்டும்: ஹெச்கீ கரண்ட் யூசர், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட் வெர்ஷன், எக்ஸ்ப்ளோரர், ஃபைல் எக்ஸ்ட்ஸ், .எல்என்கே. அதற்குள் யூசர் சாய்ஸ் என்று ஒரு கிளை இருக்கும். நம்ம கை தவறி எழுதினது அதில்தான் இருக்கிறது. முதலில் .எல்என்கே மேல் நின்று ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் யூசர் சாய்ஸ் மேல் ரைட் கிளிக், டெலீட். அந்த ஒரு கிளை மட்டும்தான். வேறு எதிலும் கை வைக்கக் கூடாது. களை பிடுங்கப் போய் நாற்றைப் பிடுங்கின கதையாகிவிடும்.

ஒவ்வொரு பெயரையும் மகள் எழுத்துக் கூட்டிச் சொல்ல, நான் ஒரு விரலால் பட்டியலைத் தடவிக்கொண்டே போனேன். டெலீட் அழுத்தும்போது கை நடுங்கியது. லேப்டாப்பை அணைத்துப் போட்டேன்.

அந்தப் பழைய பெட்டி எழுந்திருக்க அஞ்சு நிமிஷம் ஆகும். ஐகான்கள் ஒவ்வொன்றாய் வந்தன, ஒவ்வொன்றும் தன் தன் முகத்தோடு. என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்து, "வந்துடுச்சா?" என்றாள்.

கடைசி வேலை அப்பா குரல். ஃபைல் மேல் ரைட் கிளிக், ஓப்பன் வித், சூஸ் டீஃபால்ட் புரோகிராம். பட்டியலில் விஎல்சி பிளேயர். இந்தத் தடவை கீழே இருக்கிற டிக்கைப் பார்த்து, இருக்கட்டும் என்று தெரிந்தே விட்டு, ஓகே கொடுத்தேன்.

முதலில் காற்று இரைச்சல். ஒரு கோழி கத்தியது. அப்புறம் அப்பா தொண்டையைச் செருமினார்.

மகள் போனிலேயே இருந்தாள். மூணு நிமிஷமும் நாங்கள் யாரும் பேசவில்லை. முடிந்ததும் அவள் "அத்தைக்குப் போன் போட்டுக் குடுங்கப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மணி பத்தரைக்கு மேல். அக்கா தூங்கியிருக்கும், இருந்தாலும் போட்டேன். "நல்லா கேக்குற காதுல வச்சுக்க" என்று சொல்லிவிட்டு ஸ்பீக்கர் பக்கத்தில் போனைப் பிடித்தேன். அப்பா மாட்டை அவிழ்த்துவிட்டதைச் சொன்னார், கட்டிப்போட்டிருந்தால் செத்திருக்கும் என்றார். கூரை போனதும் கோயிலுக்கு ஓடினதைச் சொன்னார். "சின்னவனத் தோள்ல தூக்கிக்கிட்டேன். பெரியவளுக்கு என் துண்டு முனையக் கையில குடுத்து, வுடாதடி, வுட்டா போயிடுவன்னு சொன்னேன். இடுப்புத் தண்ணி. திரும்பிக்கூடப் பாக்க முடியல. கோயில்ல போயிப் பாத்தா துண்ட அப்பிடியே புடிச்சுக்கிட்டு நிக்கிறா. அவ வுடவே இல்ல."

முடிந்தபிறகு அக்காவிடமிருந்து சத்தம் இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று "அக்கா, அக்கா" என்றேன்.

"அவருக்கு அது ஞாபகம் இருந்துச்சாடா" என்றது. அப்புறம், "இன்னொரு தடவ போடு" என்றது.

ஐநூறு ரூபாய்க்கு நான் அழிக்க இருந்தது இதைத்தான். அதனால்தான் இவ்வளவு நீளமாய் எழுதுகிறேன். ஒரு ஃபைல் திறக்கவில்லை, கட்டம் கட்டமாய் வருகிறது, வேறு ஏதோ புரோகிராம் திறக்கிறது என்றால் ஃபைல் கெட்டுவிட்டது என்று முதலில் முடிவு பண்ணாதீங்க. அனேகமாய் ஆள்தான் மாறியிருக்கும்.

விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். ஃபைல் மேல் ரைட் கிளிக், ஓப்பன் வித், சூஸ் அனதர் ஆப். சரியான புரோகிராமைத் தேர்ந்தெடுத்து, எப்போதும் இதிலேயே என்பதற்கு ஆல்வேஸ் என்று இருப்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் ஆல்வேஸ் வேண்டாம். மொத்தமாய்ப் பார்க்க செட்டிங்ஸ், ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ் என்று போனால் எந்த வாலுக்கு எந்த ஆள் என்கிற நோட்டு அங்கேயே இருக்கிறது.

போனிலும் இதே கதை நடக்கும். சிட்டாவை டவுன்லோடு பண்ணித் தட்டினால் சம்பந்தமில்லாத ஆப் திறக்கிறது என்று போன வாரம் பக்கத்து வயல்காரர் கொண்டுவந்து காட்டினார். முதல் தடவை கேட்டபோது ஜஸ்ட் ஒன்ஸ் என்பதற்குப் பதில் ஆல்வேஸ் தட்டியிருக்கிறார். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், ஆப்ஸ் போய் அந்தத் தப்பான ஆப்பைத் திறந்தால் ஓப்பன் பை டீஃபால்ட் என்றோ செட் ஆஸ் டீஃபால்ட் என்றோ இருக்கும். அதில் கிளியர் டீஃபால்ட்ஸ். அடுத்த தடவை மறுபடி கேட்கும், அப்போது சரியாய்ச் சொன்னால் போதும். பயிர் இன்சூரன்ஸ் கடைசி நாளில் சேவை மையத்து வரிசையில் நின்றுகொண்டு இதைக் கண்டுபிடிப்பதைவிட இன்றைக்கே ஒரு தடவை திறந்து பார்த்துவிடுவது நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் வாலை மறைத்துத்தான் வைத்திருப்பார்கள். விண்டோஸ் 10-ல் ஃபோல்டரைத் திறந்து வியூ போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதில் டிக் போட்டால் தெரியும். 11-ல் வியூவுக்குள் ஷோ என்பதில் இருக்கிறது. இதைப் போட்டு வையுங்க. ஏனென்றால் கெட்ட ஆளும் இந்த மறைவைப் பயன்படுத்துவான். பில் என்று ஒன்றை மெயிலில் அனுப்புவான், பெயரின் கடைசியில் .பிடிஎஃப் என்று தெரியும், அதற்கும் பின்னால் .இஎக்ஸ்இ என்று இன்னொரு வால் மறைந்திருக்கும். அது படிக்கிற காகிதம் இல்லை, ஓடுகிற புரோகிராம். வாலை முழுசாய்ப் பார்க்கத் தெரிந்தால் அதைத் தொடாமல் விடலாம்.

அப்பா ஃபைல் இப்போது நாலு இடத்தில் இருக்கிறது. லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, மகளிடம் ஒன்று. நாலாவது அக்காவின் போனில். அதை மட்டும் மகள் எம்பி3-ஆக மாற்றி அனுப்பியிருக்கிறாள், எந்தப் போனிலும் திறக்கும் என்பதற்காக. வாலை மட்டும் மாற்றவில்லை, அதற்கென்று இருக்கிற புரோகிராமில் போட்டு முறையாய் மாற்றியது.

உங்கள் வீட்டிலும் பழைய மெமரி கார்டு, பழைய பட்டன் போன் எங்கேயாவது மேஜை டிராயரில் கிடக்கும். திறக்கவில்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீங்க. உள்ளே யாராவது பேசிக்கொண்டிருக்கலாம்.

உளுந்துக்கு டிஏபி கரைசல் தெளிக்கிற நேரம் நெருங்கிவிட்டது. அதைப் பற்றி அடுத்த தடவை எழுதுகிறேன்.